செனட்டருக்குக் காய்ச்சிய தார்

ஸ்கட்டர் முனையில் பிறந்தவர்களில் கடலைப் பார்த்துப் பயந்த ஒரே ஆள் ஜேபெஸ் பிங்கம். மற்றவர்கள் பயப்படவில்லை என்றில்லை. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜேபெஸ் சொன்னார். சின்ன வயதில் முதல் முறை மீன்பிடிக் கப்பலில் ஏற்றியபோது, கரை மறைவதற்கு முன்பே பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் பாஸ்டன் வரைக்கும் நாய்கள் எழுந்து குரைத்தன. பிடித்த கையை விடுவிக்க நான்கு தடியர்கள் வேண்டியிருந்தது. அப்படியும் விடவில்லை. கப்பலையே திருப்பிக்கொண்டு வந்து அவரைக் கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவருடைய அப்பாவை விழுங்கியது அந்தக் கடல்தான் என்பதால் யாரும் அடிக்கவில்லை. சிரிக்க மட்டும் செய்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது.

கடலுக்குப் போகாத ஆணுக்கு எங்கள் ஊரில் ஒரே வேலைதான் உண்டு. பெண்களோடு உட்கார்ந்து காட் என்ற குளிர்கடல் மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, வெளியே மரப் பரணில் காயவைத்துக் கருவாடாக்குவது. ஜேபெஸுக்குப் பக்கத்துப் பரணில் டார்கஸ் என்று அவர் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கத்தியை விட நாக்கு கூர்மை. இவரைப் பார்த்து, பாவாடை ஒன்று தைத்துத் தரட்டுமா என்று தினமும் கேட்பாள். இவர் காதில் அது விழாது. இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் கருவாடு கெட்டுவிடுமே என்ற பயம். மூக்குப்பொடி அளவுக்கு ஒரு மேகம் தெரிந்தாலும் போதும், சாப்பிடுகிற கையோடு ஓடிப்போய்ப் பழைய பாய்த்துணியால் பரணை மூடிவிட்டு வருவார். வெயில் அதிகமானால் மீன் வெந்துவிடுமோ என்று பயந்து திருப்பிப் போடுவார். பனி பெய்தால் ஊறிவிடுமோ என்று பயந்து அடுக்கி வைப்பார். தன் பிள்ளையைக்கூட ஒருத்தி அத்தனை முறை திருப்பிப் போட்டிருக்க மாட்டாள்.

விளைவு என்ன? ஊரில் எல்லார் கருவாடும் சிவந்து நாறும்போது பிங்கம் கருவாடு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி வெளுத்து நின்றது. ஸ்பெயினில் அதைத்தான் கேட்டார்கள். தெற்கே கரும்பு விளையும் தீவுகளில் அதைத்தான் கேட்டார்கள். பயந்து பயந்தே மனிதர் வியாபாரியாகிவிட்டார்.

கப்பல்கள் வந்தன. கிடங்கு வந்தது. நெருப்புக்குப் பயந்து கிடங்கைக் கல்லிலே கட்டினார். இடிக்குப் பயந்து அதன் தலையில் இரும்புக் கம்பி நட்டார். கல்லும் எரியுமோ என்ற சந்தேகத்தில் பக்கத்திலேயே கிணறும் வெட்டினார். வீட்டையும் அப்படியே கட்டினார். அவர் மனைவி கெட்டூரா, இந்த வீட்டைப் பிடிக்க இங்கிலாந்து ராஜா பீரங்கியோடு வந்தாலும் ஒரு வாரம் ஆகும், எனக்கே சமையலறைக்குப் போக அரை நாள் ஆகிறது என்று சொல்லித் திரிந்தாள்.

ஆனால் ஒரு பயத்துக்காக ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவருக்காக ஜெபம் செய்தார்கள். செப்டம்பர் புயல் தொடங்கியபின் அவர் கப்பல் ஒன்றும் வெளியே இருக்காது. மற்ற முதலாளிகள், இன்னும் ஒரே ஒரு நடை என்று அனுப்புவார்கள். அந்த ஒரே ஒரு நடையில்தான் விதவைகள் உண்டாவார்கள். டார்கஸின் புருஷன் அப்படி ஒரு முதலாளியின் கடைசி நடையில் போனவன்தான். அதனால் அவள் தன் மூத்த மகன் பெலெக்கை, மீசை முளைத்ததும் நேராக ஜேபெஸிடம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"உன்னளவுக்குப் பயந்தாங்கொள்ளி இந்தக் கரையில யாருமில்ல, ஜேபெஸு," என்றாள். "அதான் இவன உங்கிட்ட விடுறேன்."

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. பெலெக்கை 'பொறுமை' என்ற தன் கப்பலில் சேர்த்துக்கொண்டார். இரண்டு பாய்மரம், நல்ல உறுதியான உடம்பு. இருக்கும் கப்பல்களில் அவர் குறைவாகப் பயந்தது அதைப் பற்றித்தான்.

இப்படிப்பட்ட மனிதரை செனட்டுக்கு அனுப்பியது யார் குற்றம் என்று கேட்டால், எல்லார் குற்றமும்தான். மாநிலத்துப் பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்து கெட்டூரா சுட்ட ஆப்பிள் பணியாரத்தை ஒரு தட்டு விடாமல் தின்றார்கள். பிங்கம் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார், அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்றார்கள். முடியாது என்றால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து இவர் தலையை ஆட்டினார். அடுத்த குளிர்காலத்தில் தலைநகரில் இருந்தார். கடல் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். அவர் கோச்சு வண்டியில் எலும்பெல்லாம் இடம் மாறப் போய்ச் சேர்ந்தார்.

செனட்டில், தீப்பிடித்தால் முதலில் ஓடலாமே என்று கதவோர நாற்காலியைப் பிடித்தார். வாயைத் திறக்கவே இல்லை. பேசாமல் இருந்ததால் ஆழமான மனிதர் என்று பெயர் வந்தது. ஒருவர் இரண்டு மணி நேரம் பேசி முடித்துவிட்டு, பிங்கம் என்ன நினைக்கிறாரோ என்று அவர் முகத்தைத்தான் பார்ப்பார். அவர் கூரையில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கோடையில்தான் பெலெக் போனான். தீவுகளிலிருந்து திரும்பிய 'பொறுமை'யை நடுக்கடலில் இங்கிலாந்துப் போர்க்கப்பல் மறித்தது. ஆள் பற்றாக்குறை அவர்களுக்கு. வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவனையும் பேசச் சொன்னார்கள். பெலெக் பேசினான். நீ பேசுவது இங்கிலீஷ், ஆகவே நீ எங்கள் ஆள் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊர் ஆடு மாடு தவிர எல்லாரும் அவர்கள் ஆள்தான். கப்பல் தலைவன் அமாசா பெலெக் இல்லாமல் வந்து அவன் தொப்பியை டார்கஸிடம் கொடுத்தான். அவள் அதைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். வாசலில் நின்ற ஜேபெஸ் அந்தத் தொப்பியையே பார்த்தார்.

அதே வருடம் டிசம்பரில் செனட்டில் அந்தச் சட்டம் வந்தது. நம் நாட்டுக் கப்பல் ஒன்றும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. போனால்தானே பிடிப்பார்கள், போகாவிட்டால் யாரைப் பிடிப்பார்கள் என்பது யோசனை. ஒரே நாளில் கொண்டுவந்து ஒரே நாளில் முடிக்கப் பார்த்தார்கள். ஓட்டுக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பிங்கம் என்றபோது ஜேபெஸ் கண் முன்னால் கூரை விரிசல் இல்லை. ஆணியில் தொங்கும் தொப்பி இருந்தது. இன்னும் எத்தனை ஆணி, எத்தனை தொப்பி என்று நினைத்தார். ஆம் என்றார். அந்த மண்டபத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. வெளியே வந்து படிக்கட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது: கப்பல் போகாவிட்டால் கருவாடு போகாது. கருவாடு போகாவிட்டால் ஸ்கட்டர் முனைக்கு மாவு வராது.

வசந்தத்தில் ஊருக்குத் திரும்பினார். வழியில் ஒரு விடுதியில் வண்டிக்காரன் சூப்பு குடித்துக்கொண்டே கதை சொன்னான். வடக்கே ஓர் ஊரில் இந்தச் சட்டத்துக்குச் சாதகமாகப் பேசிய ஓர் ஆளைப் பிடித்து, துணியை உருவி, கொதிக்கும் தாரைத் தலை முதல் கால் வரை ஊற்றி, தலையணையைக் கிழித்து இறகைக் கொட்டி, கட்டை வண்டியில் ஊர்வலம் விட்டார்களாம். தாரை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்ததாம். வண்டிக்காரன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் காட்டினான், இப்படி என்று. ஜேபெஸ் அதன் பிறகு அந்த வழியெல்லாம் ரொட்டி தின்னவில்லை.

ஊர் எல்லையில் வண்டி நின்றதும் அவர் பார்த்தது துறையைத்தான். எல்லாக் கப்பலும் கரையோரம் செத்த மாதிரி நின்றன. சும்மா நிற்கும் கப்பலின் பாய்மர உச்சியில் மழைநீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும். அதனால் காலித் தார்ப் பீப்பாயை உச்சியில் கவிழ்த்து வைப்பது வழக்கம். இப்போது துறை முழுக்கப் பீப்பாய். தலையில் குல்லாய் போட்டுக்கொண்டு கப்பல்கள் தூங்குவது போல இருந்தது. அதற்கு ஊரில் பெயரும் வைத்திருந்தார்கள்: பிங்கம் தொப்பி.

இதைச் சொன்னவள் கெட்டூரா. "ஊர்ல எல்லாக் கப்பலுக்கும் தொப்பி போட்டுட்டு வந்துட்டீங்க," என்றாள். "என் தலைக்குத்தான் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வரல."

ஜேபெஸ் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். தாழுக்கு முட்டுக் கொடுக்க அலமாரியைத் தள்ளினார். மாடி ஜன்னலில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் செனட்டர் நாற்காலி.

கல் எறிவார்கள் என்று எதிர்பார்த்தார். எங்கள் ஊர் வழக்கம் அது. பிடிக்காத ஆள் தெருவில் போனால் மீன் தலையாவது பறந்து வந்தே தீரும். வெளியூர்ப் போதகர் ஒருவர், எங்கள் பெண்களின் ரிப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுத் தலையில் காட் மீனோடு ஊரை விட்டு ஓடியிருக்கிறார். ஆனால் இவர் வீட்டு மேல் ஒரு செதிள்கூட விழவில்லை. கடைக்குப் போன கெட்டூராவுக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். செனட்டர் சுகமா, வெளியே வருவதில்லையா, துறைப்பக்கம் வரும் எண்ணம் உண்டா என்று மரியாதையாக விசாரித்தார்கள். அமாசா, வாயில் ஒற்றைப் பல்லோடு எப்போதும் கெட்ட வார்த்தையாகவே பேசும் அமாசா, தொப்பியைக் கழற்றி, வியாழக்கிழமை செனட்டர் வீட்டில்தானே இருப்பார் என்று கேட்டானாம்.

இதைக் கேட்டதும் ஜேபெஸுக்கு உள்ளங்கால் வேர்த்தது. அமாசா மரியாதையாகப் பேசுகிறான் என்றால் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தபோது 'பொறுமை'யின் முன் பாய்மரத்தில் பீப்பாயைக் காணவில்லை. அதற்கடுத்த நாள் பின் பாய்மரத்திலும் காணவில்லை. தார்ப் பீப்பாய் இறங்குகிறது. அன்று மாலை டார்கஸ் வீட்டுப் பக்கமிருந்து வாத்துகள் கத்தின. மறுநாள் காலை அவள் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாத்து இறகைப் பிடுங்கிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஓர் இறகு பறந்து வந்து இவர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. சின்ன, வெள்ளை இறகு. ஜேபெஸ் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. மத்தியானம் கடற்கரையில் மூன்று கல் வைத்துப் பெரிய இரும்புக் கொப்பரையை ஏற்றினார்கள். நாளை வியாழக்கிழமை.

கெட்டூராவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் பார்த்தாள். பிறகு அவளே ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள். முப்பது வருட வாழ்க்கையில் அதை ஜேபெஸ் பார்த்ததில்லை. அதனால் பயம் இரட்டிப்பானது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தார். ஓடிப்போனால்? சாலையில் பிடிப்பார்கள். வீட்டிலேயே இருந்தால்? கதவை உடைப்பார்கள், கெட்டூரா குறுக்கே நிற்பாள், அவள் மேலும் ஒரு வாளி விழும். பயத்தையே தொழிலாகச் செய்தவர் அல்லவா, பயத்தின் உள்ளே புகுந்து அதன் கடைசி மூலைவரைக்கும் பார்த்துவிட்டார். அங்கே ஒரு யோசனை கிடைத்தது. கொப்பரை பெரிது. நிறைய நேரம் எரித்தால்தான் தார் கொதிக்கும். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டால் தார் இளஞ்சூட்டில்தான் இருக்கும். தோல் தப்பும்.

கெட்டூரா இதைக் கேட்டுவிட்டு, கட்டிக்கொண்டதிலிருந்து நீங்கள் சொன்ன முதல் உருப்படியான யோசனை இதுதான் என்றாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். உடம்பெல்லாம் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டு போனால் தார் ஒட்டாது. வீட்டில் கடைசியாக ஒரே ஒரு ஜாடிதான் மிச்சம் இருந்தது. அந்தக் கொழுப்பில்தான் ஜூன் வரை ரொட்டி சுட்டாக வேண்டும். அதை எடுத்து வந்து, காது மடல் உட்பட, தலை முதல் கால் வரை தேய்த்துவிட்டாள். "ஒழுங்கா திரும்பி வாங்க," என்றாள். "வழிச்சு எடுத்து ரொட்டி சுடணும்."

நல்ல கோட்டை வைத்துவிட்டு, கருவாட்டுப் பரண் காலத்துப் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே மூடுபனி. கை நீட்டினால் கை தெரியாத அளவுக்குப் பனி. கொழுப்பு வாசனைக்கு ஊர் நாயெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தன. செனட்டர் ஊர்வலம்.

கடற்கரையில் நெருப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கிட்டே போகப் போக முகங்கள் வந்தன. அமாசா. நாலைந்து மாலுமிகள். கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தவள் டார்கஸ். இவரைப் பார்த்ததும் எல்லாரும் அப்படியே உறைந்தார்கள். அமாசாவின் கையிலிருந்த வாளி கீழே விழுந்து உருண்டது. ஜேபெஸ் கொப்பரையைப் பார்த்தார். தார் கொதித்துக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் ராத்திரியே அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

ஓடினால் இவர்கள் கெட்டூராவிடம் போவார்கள். கோட்டைக் கழற்றினார். மடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். சட்டையைக் கழற்றினார். கொழுப்பு மினுமினுக்க, நெருப்பு வெளிச்சத்தில் உரித்த கோழி மாதிரி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"முகத்துல மட்டும் வேணாம்," என்றார். "கண்ணு போயிரும்."

தார் மட்டும் கொதித்தது. கடைசியில் டார்கஸ் குரல் வந்தது.

"என்ன பண்ணிட்டிருக்க, ஜேபெஸு?"

"பூசிருங்க. நானே வந்துட்டேன். கெட்டூராவ விட்டுருங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்பது, கண்ணைத் திறந்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அமாசாவுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல ஒரு பெருமூச்சு. டார்கஸ் கிண்டுகிற கட்டையைக் கொப்பரையில் சாத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஜனவரியில பேசினோம்," என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு மேல பூசணும்னுதான் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

ஜேபெஸ் மடித்து வைத்த கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தார் எங்க இருக்கு? நீ போட்ட சட்டத்தால தார் வந்தே எத்தன மாசமாச்சு? பீப்பாயோட அடியச் சுரண்டி, ஊர் பூரா வழிச்சு, இவ்வளவுதான் தேறிச்சு." அவரை மேலும் கீழும் அளந்தாள். "உன் உடம்புக்கு ரெண்டு வாளி ஆகும். அந்த ரெண்டு வாளிய ஒம்மேல ஊத்திட்டா முன் பாய்மரத்துக் கயித்துக்கு எங்க போறது?"

அப்போதுதான் ஜேபெஸ், கொஞ்சம் விலகிய பனிக்குள், 'பொறுமை'யைப் பார்த்தார். பாய்கள் கட்டியாகிவிட்டன. தளத்தில் கருவாட்டுக் கட்டுகள். ஓரத்தில் உப்புப் போட்ட வாத்து நிறைந்த பீப்பாய்கள். பன்றி வாங்க வழியில்லாமல் ஊர் வாத்துகள் எல்லாம் மாலுமிகளுக்குச் சாப்பாடாகியிருந்தன. பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசும் வேலை மட்டும்தான் பாக்கி. தார் இல்லாத கயிறு ஒரு மாதம் உப்புத் தண்ணீரில் நனைந்தால் இற்றுவிடும். கயிறு போனால் மரம் போகும். மரம் போனால் ஆள் போவான். அது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தீவுகளுக்குப் போய்க் கருவாட்டை விற்று மாவும் சோளமும் கொண்டுவரப் போகிறார்கள். அவருடைய கப்பலில். அவரைக் கேட்காமல். இன்றைக்கு, இந்தப் பனியில். அமாசா மரியாதையாக விசாரித்தது அதற்குத்தான். செனட்டர் ஜன்னலில் உட்கார்ந்து ராப்பகலாகத் துறையையே பார்க்கிறார், சுங்கத்துறைக்கு ஆள் அனுப்பப் போகிறார் என்று ஊரே ஒரு வாரமாகத் தூங்கவில்லை. கல் எறியாததும் அதற்காகத்தான். மனிதரைக் கோபப்படுத்தக் கூடாதே.

ஆக, அவர் அவர்களுக்குப் பயந்து உள்ளே நடுங்க, அவர்கள் அவருக்குப் பயந்து வெளியே நடுங்கியிருக்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் ஜேபெஸ் சிரித்திருப்பார். இப்போது அவருக்குப் புதிதாக ஒரு பயம், பழையதைவிடப் பெரிதாக, வந்தது. வெளியே போர்க்கப்பல்கள் இருக்கின்றன. திரும்பி வர செப்டம்பர் ஆகிவிடும். இந்த நாலைந்து பேரும் அவர் கண்ணெதிரே வளர்ந்தவர்கள்.

வேண்டாம் என்றார். கெஞ்சினார். பெலெக்கை இழுத்துக்கொண்டு போனதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். அவன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் டார்கஸைப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவனுக்காகத்தான் சட்டத்துக்கு ஆம்னு சொன்னியா?"

ஜேபெஸ் தலையை ஆட்டினார்.

"அந்தத் தொப்பிய நான் தினமும் பாக்குறேன்," என்றாள் டார்கஸ். "அதுக்குக் கீழ சின்னவங்க ரெண்டு பேரு உக்காந்து கரையில பொறுக்கின மட்டிச் சிப்பிச் சாறு குடிக்கிறாங்க. குளிர்காலம் முழுக்க மட்டிதான். சின்னவளுக்கு ஈறுல ரத்தம் வருது. கடலுக்கு அனுப்பினா ஒரு பயம், அனுப்பாட்டி ஒரு பயம். ரெண்டுல எதப் படணும்னு நான் பாத்துக்குவேன். என்னக் கேக்காம எந்தப் பயம் எனக்குன்னு நீ ஏன் முடிவு பண்ண?"

ஜேபெஸ் வெறும் உடம்போடு நின்று யோசித்தார். சட்டம் அவருக்குத் தெரியும். அதற்கு ஆம் என்று சொன்னவர் அவர்தானே. கப்பல் ஓடிவிட்டால் அதன் சொந்தக்காரர் தலைமேல்தான் விடியும். கல் கிடங்கு போகும், மிச்சக் கப்பல்கள் போகும், செனட் போகும். இப்போது வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், திருடிவிட்டார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். அமாசா தூக்கில் தொங்காவிட்டாலும் சிறையில் கிடப்பான். ஒவ்வொன்றாகப் பயந்து பார்த்தார். எந்தப் பயமும் மற்றதைவிடச் சின்னதாக இல்லை. அப்படியிருக்க அவர் கண் தானாகவே முன் மரத்துக் கயிற்றுக்குப் போனது. யாரோ அவசரத்தில் பூசியிருந்தார்கள். நடுநடுவே வெள்ளை தெரிந்தது. தண்ணீர் அங்கேதான் இறங்கும். கருவாட்டுப் பரணில் மேகத்தைப் பார்த்தவுடன் ஓடுவாரே, அந்தக் கால் தானாக நடந்தது.

"இது என்ன பூச்சு?" என்றார். "கடல் காத்துல ஒரு வாரம் தாங்காது. அந்தத் தூரிகையக் குடு."

மத்தியானம் வரைக்கும் பூசினார். கொழுப்புக் கையில் தூரிகை வழுக்கி வழுக்கி விழுந்ததால் கடைசியில் கையாலேயே அள்ளித் தேய்த்தார். ஆறிய தார்தான், ஆனாலும் சுட்டது. கயிற்றில் ஏற வேண்டியிருந்தது. கடல் மேல் தொங்கும் கயிற்றில் ஜேபெஸ் பிங்கம் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார், முழு நேரமும் முனகிக்கொண்டே இருந்தார், ஒரு இடத்தில் இறங்க மறுத்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அமாசா வந்து விரல் விரலாகப் பிரித்தான். ஆனால் விட்ட இடம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கடல்நீர் வெளியே இறங்கத் தொடங்கியதும் அவரைக் கரையில் இறக்கிவிட்டு, 'பொறுமை' பனிக்குள் சத்தமில்லாமல் போனது.

மறுநாள் சுங்க அதிகாரி வந்தார். லெமுவெல் என்று ஒரு வெளுத்த மனிதர். வடக்கே நடந்த கதை அவருக்கும் தெரியும் போல, குதிரையை விட்டு இறங்காமலே பேசினார். ஊர் முழுக்கக் கூடி நின்றது. அந்தக் கப்பலை யார் தயார் செய்தது, யார் அனுப்பியது, ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும் என்றார் அதிகாரி. ஒரே ஒரு பெயர். செனட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஜேபெஸ் முன்னால் வந்தார். முழங்கால் ஒன்றோடொன்று மோதிய சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது என்பார்கள். இரண்டு கையையும் நீட்டினார். முழங்கை வரை கறுப்பு. உப்பு, மணல், சாம்பல் எதைப் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

"கப்பல் என்னோடது," என்றார். "தார் பூசினது நான். அனுப்பினதும் நான்தான். எழுதிக்கோங்க."

கூட்டத்தில் கெட்டூரா மட்டும் மூக்கை உறிஞ்சினாள். கொழுப்பு ஜாடி வீணாகப் போன கவலை என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டாள்.

கிடங்குக்குப் பூட்டுப் போட்டார்கள். மிச்சக் கப்பல்களையும் பறிமுதல் என்று எழுதிக்கொண்டார்கள். செனட்டிலிருந்து தானே விலகிக்கொண்டார். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்தக் கூரை விரிசலைப் பற்றி அதற்குள் யாரோ ஏதாவது செய்திருப்பார்கள் என்று நம்பினார். அந்தக் கோடை முழுக்க அவர் வேலை வேறு. கடலோரப் பாறைமேல் டார்கஸ் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அமாசாவின் மனைவியும் மற்றப் பெண்களும் வருவார்கள். எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள். மேகம் வந்தால் ஜேபெஸ் முதலில் எழுந்து நிற்பார். காற்று திரும்பினால் முதலில் அவர் முகம்தான் வெளுக்கும். அவர் நம் எல்லாருக்கும் சேர்த்துப் பயந்துகொள்கிறார், நாம் வலை பின்னலாம் என்று டார்கஸ் கேலி செய்வாள். ஆனால் அவள் ஊசி கண்ணி தவறிக்கொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் போனது. செப்டம்பர் வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, அந்த மாதத்தில் அவர் கப்பல் ஒன்று வெளியே இருந்தது. முதல் புயல் இரண்டு நாள் அடித்தது. சர்ச் உச்சியில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவல் பறந்துபோய் அடுத்த ஊரில் விழுந்தது. அந்த இரண்டு நாளும் ஜேபெஸ் சாப்பிடவில்லை. முன் மரத்துக் கயிற்றை மனதுக்குள் ஒவ்வொரு முழமாகத் தடவிக்கொண்டே இருந்தார்: இங்கே பூசினேன், இங்கே பூசினேன், இங்கே பூசினேனா?

புயல் ஓய்ந்த மறுநாள் காலை ஒரு பாய் தெரிந்தது. பாறையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஜேபெஸ் எழவில்லை. கறுப்பு ஏறிய நகங்களால் பாறையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எந்தக் கப்பல் என்று பார்க்கவும் பயம். அதுதான் என்றால் அதில் எத்தனை பேர் என்று பார்க்க அதைவிடப் பயம்.

"நீ பாரு," என்றார் டார்கஸிடம். "தலைய எண்ணு. குறைஞ்சா சொல்லாத."

டார்கஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். காற்றில் அவள் பாவாடை படபடவென்று அடித்தது. கீழே துறையில் யாரோ மணியை ஆட்டத் தொடங்கினார்கள்.

"ரெண்டு மரமும் நிக்குது," என்றாள் மெதுவாக. "போன தல எல்லாம் இருக்கு. அமாசா இப்பவே யாரையோ திட்டிட்டிருக்கான்."

ஜேபெஸ் மூச்சு விட்டார். மே மாதத்தில் இழுத்து வைத்த மூச்சு அது. பெண்கள் பாறை இறங்கி ஓடினார்கள். டார்கஸ் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தலை கூடுதலாக இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதை அவர் கேட்கவில்லை.

கடைசியில் அவள் கையை இறக்கினாள்.

"எந்திரி," என்றாள். "மாவு மூட்டை தூக்க ஆளில்ல."

அவர் எழப் பார்த்தார். டார்கஸ் கையைக் கொடுத்தாள். அவர் கறுத்த கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மெதுவாக, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து, பாறையிலிருந்து இறங்கினார்கள்.